பாடிகாட் முனீஸ்வரன்: அவர் யாருக்கு பாடிகாட்?

சடையங்குப்பம், மணலி பக்கம் புதுசா டிரெய்லர் லாரி எடுக்கிறவர்கள் பலருக்கு முதல் டிரிப் துறைமுகத்துக்கு இல்லை. சென்ட்ரல் பக்கம் பல்லவன் சாலையில் இருக்கிற பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குத்தான். மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினால்தான் வண்டிக்கு 'ஃபிட்னஸ்' வந்த மாதிரி.

சாலையில் நம்மைக் காப்பாற்றுகிற சாமி, அதனால் பாடிகாட். இப்படித்தான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பெயர் வந்த வழி வேறு.

வெள்ளைக்காரன் காலத்தில் மெட்ராஸ் கவர்னருக்கென்று தனிக் குதிரைப்படை இருந்தது. பெயர், கவர்னர்ஸ் பாடிகாட். கவர்னர் ஊர்வலம் போனால் சீருடையும் ஈட்டியுமாகக் கூடவே போவார்கள். கவர்னர் மாளிகை, இன்றைய ஓமந்தூரார் அரசு மருத்துவமனை வளாகத்தில் இருந்தது. இந்த வீரர்களின் குடியிருப்பும் அதற்குப் பக்கத்திலேயே. அதனால் அந்தத் தெருவே பாடிகாட் ரோடு ஆனது. அங்கிருந்த முனீஸ்வரனுக்கும் அதுவே அடைமொழி. அதாவது, அது வேலையின் பெயர் இல்லை, அட்ரஸ்!

சுதந்திரத்தோடு படை போய்விட்டது. சாலைக்குப் பல்லவன் பெயர் வந்தது. மிச்சம் இருப்பது சாமி பெயர் மட்டும்தான். பனாரஸில் 1773-ல் உருவான இதே மாதிரிப் படை, குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையாக இன்றும் இருக்கிறது.

லண்டன் டவர் காவலர்களை 'பீஃப்ஈட்டர்' என்பார்கள், மாட்டுக்கறி தின்பவர் என்று அர்த்தம். அரண்மனைச் சாப்பாட்டில் கிடைத்த கறிப் பங்கால் வந்த கிண்டல் என்பதுதான் பலரும் ஏற்கிற விளக்கம். இன்று அதை ஜின் பாட்டிலில் பார்த்தவர்களே அதிகம். அங்கே காவலர் பெயர் பாட்டிலுக்குப் போனது, இங்கே சாமிக்கு. நம்முடையது பெட்டர் டீல்.

அதற்காக லாரிக்காரர் சொல்கிற அர்த்தம் தப்பு என்று சொல்ல மாட்டேன். முனீஸ்வரன் எப்போதுமே காவல் தெய்வம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வரிசையில் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு, கவர்னரைவிட பாடிகாட் அவசியம்.

ஆனாலும் பழைய கதையைக் கோயில் பக்கத்தில் மாநகராட்சி ஒரு போர்டில் எழுதி வைக்கலாம். பூஜைக்கு எப்படியும் வரிசையில் நிற்கத்தானே போகிறோம்.