ஒப்பாரிக்கு மதிப்பெண்

கேரளத்தின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம், ஒரு டீக்கடை வாசலில் ஹெட்போனோடு நின்று மொசார்ட்டின் 'ரெக்வியம்' என்ற இரங்கல் இசையின் பதிவுகள் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டேன். இசை நடத்துநர் கார்ல் பும் 1971இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு பதிந்தது சவ ஊர்வலத்தின் நடை. கார்டினர் 1986இல் அந்தக் காலத்து வாத்தியங்களோடு பதிந்தது விரைவானது. சொற்கள் பளிச்சென்று கேட்கும். எது உசத்தி என்று நிமிடக் கணக்கு பார்த்து ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். அந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு இரங்கல் பாட்டைப் பாருங்கள். 1732இல் மறைந்த ஜெர்மானியப் பாதிரியார் அர்ணோஸ் மலையாளத்தில் எழுதிய 'புத்தன் பான' என்ற காவியத்தில் மரியாளின் புலம்பல் வருகிறது. கேரளத்துத் துக்க வீடுகளில் அதைப் பாடுகிறவர்கள் பயிற்சி பெற்றவர்கள் அல்ல. சுருதி விலகும், குரல் உடையும். ஆனாலும் கேட்பவர் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஒப்பாரிக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? ரெக்வியத்துக்கும் என் சோதனை ஒன்றுதான்: அதன் 'லாக்ரிமோசா' பகுதி. 1791 டிசம்பர் 5 அன்று மொசார்ட் இறந்தபோது அதில் எழுதி வைத்திருந்தது முதல் எட்டு பார்கள் (தாளக் கட்டங்கள்) மட்டுமே. மிச்சத்தை முடித்தவர் சுஸ்மாயர். அந்த எட்டுக்குள் கோரஸ் படிப்படியாக மேலேறும்போது இழப்பு கேட்கிறதா, வெறும் ஒத்திகை கேட்கிறதா? கார்டினரின் துல்லியத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் என்னை டீயை மறக்க வைத்தவர் பும். கண்ணாடி டம்ளர் ஆறிப்போயிருந்தது, தீர்ப்பும் அதுதான்.