சீப்பை மட்டும் குடு!

மாசித் திருவிழா சமயத்தில் திண்டுக்கல் போயிருந்தேன். கோட்டை மாரியம்மனைப் பார்த்துவிட்டு நேராக நாகல் நகர் அத்தை வீட்டுக்கு நடையைக் கட்டினேன். அத்தைக்கு உடம்பு முடியாமல் போன பிறகு அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை, காபி டம்ளர் அத்தையின் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறியிருக்கிறது. அத்தான் யோசிக்காமல் 108-க்கு போன் செய்து, நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். உயிர் பிழைத்தது. பேச்சும் மெல்ல மெல்லத் தெளிந்துவிட்டது. வலது கையும் காலும்தான் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை.

நான் போனபோது அக்கா, அதாவது அத்தான் மனைவி, அத்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்துவிட்டு, மாத்திரை கொடுத்து, தலையணையைச் சரி செய்தார். "ஒரு துரும்பைக்கூட நகத்த விடுறதில்ல. ராணி மாதிரி பாத்துக்கிறோம்" என்றார். உண்மைதான். நாலு மாதமாக நல்ல தூக்கம் இல்லாதது அக்காவின் கண்ணிலேயே தெரிந்தது.

அக்கா கடைக்குக் கிளம்பியதும் அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டார். "ஏத்தா, அந்தச் சீப்பை எடு."

எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"நீ வார வேணாம். சீப்பை மட்டும் குடு."

பத்து நிமிஷம் ஆனது. சீப்பு மூன்று முறை கீழே விழுந்தது. ஒவ்வொரு முறையும் என் கை தானாக நீண்டது. அத்தை ஒரு முறை முறைத்ததும் அடங்கிவிட்டது. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்து, எப்படியோ முன்னந்தலையை வாரி முடித்தார். வகிடு கோணலாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கேட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா என் தலை என்கிட்ட இல்ல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டில் அத்தையிடம் எதுவுமே இல்லை. சுருக்குப்பை அத்தானிடம். போன், 'கண்ணுக்குக் கெடுதல்' என்று பீரோவுக்குள். சாயங்காலம் பூக்காரம்மாவிடம் உதிரி மல்லி வாங்கி, வாசலில் உட்கார்ந்து கட்டுவாரே, அதுவும் நின்றுவிட்டது. எல்லாமே பாசத்தில் செய்ததுதான்.

அந்த வாரமே, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவரிடம் அத்தான் இதைக் கேட்டார். அவர் சொன்னது எல்லா வீட்டுக்கும் பொருந்தும். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி சேதமானாலும், மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும். முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். 6 மாதம் தாண்டினால் வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. கையைப் பயன்படுத்தாமலே வைத்திருந்தால் அந்தக் கை இருப்பதையே மூளை மறந்துவிடுமாம்.

"நீங்க ஊட்டிவிட்டா உங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம். அவங்க கைக்கு ஒருவேளைப் பயிற்சி நட்டம்" என்றார்.

அக்காவுக்குப் பொசுக்கென்று கண் கலங்கிவிட்டது. "முடியாத மாமியாரை வேலை வாங்குறான்னு தெருவே பேசுமே... நான் என்ன பண்ணட்டும்?"

இதுதான் நம் வீடுகளில் இருக்கும் நிஜமான சிக்கல். உட்கார வைத்துச் சோறு போட்டால் நல்ல மருமகள். தட்டை முன்னால் வைத்து 'நீங்களே சாப்பிடுங்க' என்றால் கல்நெஞ்சக்காரி. நலம் விசாரிக்க வருகிறவர்கள் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் பயந்தே பல வீடுகளில் பயிற்சி நின்றுபோகிறது. அடுத்த முறை நீங்கள் யாரையாவது பார்க்கப் போனால், அவர்கள் சிந்திக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்!

அந்த மருத்துவர் சொல்லிக்கொடுத்த சில விஷயங்கள்:

ரவிக்கையோ சட்டையோ போடும்போது, பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பாதித்த கால் முதலில். கைத்தடி எப்போதும் நல்ல கையில். எழுப்பும்போது பாதித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். குளியலறையில் ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை. தாழ்ப்பாள் போட வேண்டாம். ஒருவர் வெளியே காது கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒருநாளும் தானாக நிறுத்தக் கூடாது.

மனசும் முக்கியம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சாப்பாடு, பேச்சு, தூக்கம் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், 'பிடிவாதம்' என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

பக்கவாதத்துக்கு மட்டுமில்லை, புற்றுநோய் சிகிச்சை, இதய ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கும் இதே கதைதான். என்ன செய்யலாம், எப்போதிலிருந்து செய்யலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்த இதய ஆபரேஷன் என்றால் நெஞ்செலும்பு சேர 6 முதல் 8 வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவது கூடாது. காய் நறுக்கலாமா, கடைக்குப் போகலாமா என்றும் சேர்த்தே கேளுங்கள். 'எது கூடாது' என்பதோடு எழுந்து வந்துவிடுகிறோம். 'எது செய்யலாம்' என்று கேட்பதே இல்லை.

இந்த இடத்தில் டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்லத் தோன்றுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய இளம் டாக்டர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாக அவரே காரணம். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 'பாவம், இந்தப் பொண்ணு இனி உட்கார்ந்தே இருக்கட்டும்' என்று சுற்றியிருந்தவர்கள் விட்டிருந்தால், எத்தனை பேருக்குக் கை விளங்காமல் போயிருக்கும்!

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது. மருந்தோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. உங்கள் வீட்டில் தேவை இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அத்தை வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் போன் கைக்கு வந்தது. பிறகு சுருக்குப்பை. காலைச் சாப்பாடு மட்டும் தானே என்று ஆரம்பித்து, இப்போது மூன்று வேளையும் ஸ்பூனால் அவரே சாப்பிடுகிறார். சிந்துகிறது, துடைத்துக்கொள்கிறார். அக்கா அந்த அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடிக்கிறார்.

போன வாரம் அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து கட்டிய மல்லிகைச் சரம். கண்ணி நெருக்கமில்லை, அங்கங்கே பூ தொங்குகிறது. கீழே குரல் பதிவு:

"ஏத்தா, முழம் போட்டுப் பாத்தேன். ஒன்றரை முழம் இருக்கு. காலைல ஆரம்பிச்சது. உங்க அக்கா தலைலதான் வச்சுவிட்டேன். சொல்லாம கொள்ளாம உதிருதாம், திட்டுறா!"