ஒரு கம்பனியா, பல கம்பனிகளா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் என் மருமகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். களஞ்சியசாலை வேலையை விட்டுவிட்டு ஆயுட்காப்புறுதி முகவராகப் போகிறானாம். பரீட்சையிலும் சித்தியடைந்துவிட்டான். "மாமா, ஒரு கம்பனிக்கு மட்டும் வேலை செய்யிற முகவராச் சேருறதோ, இல்லாட்டி பல கம்பனியளின்ரையும் விக்கிற சுயாதீன முகவராப் போறதோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகளாகச் செய்தி எழுதிப் பிழைத்தவனிடம் கேட்கும் கேள்வியா இது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் 'சுயாதீனம்' என்ற அந்தச் சொல் என்னைச் சற்று நிறுத்தியது. எங்கள் தொழிலிலும் அச்சொல் உண்டு. மாதச் சம்பளமோ, ஊழியர் சேமலாப நிதியோ, அடையாள அட்டையோ இன்றி, பிரசுரமாகும் செய்திக்கு மட்டும் காசு பெறும் பிரதேச நிருபர்கள் பலரைச் 'சுயாதீன ஊடகவியலாளர்' என்றுதான் கௌரவமாக அழைக்கிறோம். அவர்களுடைய சுயாதீனத்தின் பெரும்பகுதி, அவர்களுக்கு யாரும் பொறுப்பில்லை என்பதுதான். ஆகவே அச்சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடும் பழக்கம் எனக்கில்லை.

என் சிறுவயதில் இந்தக் கேள்வியே எழுந்திருக்க முடியாது. இலங்கையில் 1962 ஆம் ஆண்டு முதல் ஆயுட்காப்புறுதி அரசின் ஏகபோகமாக இருந்தது. தனியார் நிறுவனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 1980களின் பிற்பகுதியில்தான். எங்கள் ஊருக்குச் சைக்கிளில் வரும் முகவர் ஒரு பாடசாலை ஆசிரியர். ஊரில் அவருக்கு 'இன்சூரன்ஸ் மாஸ்டர்' என்று பெயர். அவரிடம் விற்பதற்கு இருந்தது ஒரே இடத்துப் பத்திரம்தான். ஆயினும் என் தகப்பனார் உற்சாகத்தில் பெருந்தொகைக்குக் காப்புறுதி செய்ய முனைந்தபோது, "உம்மாலை இவ்வளவு கட்டேலாது, பாதிக்குப் போடும்" என்று சொல்லித் தன் தரகுப்பணத்தில் பாதியைத் தானே இழந்தவர் அவர். தகப்பனார் கடைசிவரை கட்டுப்பணத்தைத் தவறாமல் செலுத்தி முடித்ததற்கு அதுவே காரணம். ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டவர் வாடிக்கையாளருக்கு நேர்மையாக இருக்க இயலாது என்று சொல்பவர்களை நான் நம்பாததற்கு இந்த மாஸ்டரும் ஒரு காரணம்.

எனினும் கட்டுப்பட்டிருப்பதன் விலையையும் கண்டிருக்கிறேன். எங்கள் ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவர், சம்பளம் போதாமல் கொழும்பிலுள்ள ஒரு காப்புறுதி நிறுவனத்தில் முகவராகச் சேர்ந்தார். பதினொரு ஆண்டுகள் உழைத்தார். முதலில் தன் உறவினர்கள், பின்னர் மனைவியின் உறவினர்கள், அதன் பின்னர் எங்களைப் போன்ற நண்பர்கள் என்று வாடிக்கையாளர் வட்டத்தைப் பெருக்கினார். முகாமையாளரோடு ஏற்பட்ட பிணக்கினால் விலகியபோது, ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த புதுப்பித்தல் தரகுப்பணம் நின்றுபோனது. அத்தோடு ஒரு கடிதமும் வந்தது: நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைக் காப்புறுதி தொடர்பாகக் குறித்த காலத்துக்கு அணுகக்கூடாதாம். அந்தப் பட்டியலில் அவருடைய சொந்த மைத்துனர் மூவரின் பெயர்களும் இருந்தன! சிரித்துக்கொண்டுதான் அக்கடிதத்தை எங்களுக்குக் காட்டினார். ஆனால் அன்று அவர் மதிய உணவு உண்ணவில்லை.

தான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த வாசகம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

எனவே மருமகனிடம் நான் திருப்பிக் கேட்டது, ஒன்றா பலவா என்பதையல்ல. நீ விலகும் நாளில் வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம்? தொடர்ந்து வரவேண்டிய தரகுப்பணம் உன்னோடு வருமா, அவர்களோடு தங்குமா? இதை எழுத்தில் பார்த்தாயா என்று கேட்டேன். அவன் பார்த்திருக்கவில்லை.

சுயாதீனப் பக்கமும் பூப்பந்தல் அன்று. ஒன்ராறியோவில் ஆயுட்காப்புறுதி முகவருக்கு உரிமம் வேண்டும், தொழிற்தவறுகளுக்கான பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். சுயாதீன முகவரானால் அலுவலகம், விளம்பரம், பெற்றோல் என்று பெரும்பாலும் எல்லாம் தன் பையிலிருந்துதான். பல நிறுவனங்களோடு தொடர்பு என்றாலும், பொதுவாக ஓர் இடைநிலை முகவர் நிறுவனத்தின் ஊடாகத்தான் அத்தொடர்பு அமைகிறது. தரகுப்பணமோ பத்திரம் விற்ற கையோடு பெருந்தொகையாகக் கிடைக்கக்கூடியது. ஆனால் முதலோரிரு ஆண்டுகளில் வாடிக்கையாளர் கட்டுப்பணத்தை நிறுத்திவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். புதிய முகவர் பலர் கடனாளியாவது இந்த இடத்தில்தான். வந்த காசைச் சம்பளம் என்று நினைத்துச் செலவழித்துவிடுகிறார்கள்.

நம்மவர் சமூகத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகும். ரொறன்ரோவில் வெளியாகும் தமிழர் வர்த்தகக் கையேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவர்: கழுத்துப்பட்டி அணிந்த காப்புறுதி முகவர்களும் வீடு விற்பனை முகவர்களும் பக்கம் பக்கமாகப் புன்னகைக்கிறார்கள். ஒரே கலியாண வீட்டில் ஐந்து முகவர்கள் இருந்தால் அத்தையின் பத்திரத்தை யார் எழுதுவது? முகதாட்சண்யத்துக்காகக் கையெழுத்திட்ட அத்தை எட்டாம் மாதத்தில் கட்டுவதை நிறுத்திவிடுவார். மருமகன் தரகுப்பணத்தையும் இழப்பான், அத்தையையும் இழப்பான்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அதுவே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. 'நீயே உன் முதலாளி' என்று அழைத்துச் சென்று, விற்பதைவிடப் புதிய ஆட்களைச் சேர்ப்பதையே ஊக்குவிக்கும் அமைப்புகள் அவை. சேர்ந்தவரின் தரகில் சேர்த்தவருக்குப் பங்கு, அவரைச் சேர்த்தவருக்கும் பங்கு. பெயரளவில் சுயாதீனம். உண்மையில் ஒரு கம்பனிக்குக் கட்டுப்பட்டவருக்குக் கிடைக்கும் பயிற்சியும் இல்லை, சுயாதீனருக்குரிய தெரிவும் இல்லை. ஒன்ராறியோவின் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அண்மைய ஆண்டுகளில் இத்தகைய நிறுவனங்களை ஆராய்ந்து, முகவர்களின் பயிற்சியிலும் மேற்பார்வையிலும் குறைபாடுகள் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. மருமகனை முதலில் தேநீருக்கு அழைத்தவரும் இத்தகைய ஒருவர்தான் என்பது பேச்சினிடையே தெரியவந்தது.

இது அவனுடைய குழப்பம் மட்டுமன்று. பிரித்தானியாவில் நிதி ஆலோசகர் ஒருவர் ஒரே நிறுவனத்துக்குரியவராகவோ முற்றிலும் சுயாதீனராகவோதான் இருக்கலாம், இடைநிலை கூடாது என்று 1988 இல் விதித்தார்கள். 2004 இல் அந்த விதியைக் கைவிட்டார்கள். 2012 இன் முடிவோடு முதலீட்டு ஆலோசனைக்குத் தரகுப்பணம் பெறுவதையே தடுத்துவிட்டார்கள். பெயர்ப்பலகையைவிடக் காசு வரும் வழிதான் ஆலோசனையை வளைக்கிறது என்பதை அங்கு ஒருவாறு ஏற்றுக்கொண்டார்கள் என்றே கருதுகிறேன்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான். கையில் ஓராண்டுச் செலவுக்குப் பணம் இல்லை, வீட்டுக் கடன் இருக்கிறது, தொழிலும் புதிது. ஆகையால் நல்ல பயிற்சி தரும் ஒரு கம்பனியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இரு. அடிப்படைச் சம்பளமோ உதவித்தொகையோ தந்தால் நல்லது, ஆனால் அதையும் பின்னர் திருப்பிக் கேட்பார்களா என்று பார். உறவினர்களிடம் முதல் ஆண்டில் போகாதே. தெரியாதவர்களிடம் விற்கப் பழகிய பிறகு உறவினர்கள் தாமாகவே வருவார்கள். வாடிக்கையாளருக்குப் பொருத்தமான பத்திரம் உன் கம்பனியில் இல்லையென்று மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை உணரத் தொடங்கும்போது வெளியே வா.

"அப்ப நீங்கள் ஏன் மாமா கடைசிவரைக்கும் ஒரே பத்திரிகையிலை இருந்தனீங்கள்?" என்று கேட்டான். வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, கொஞ்சம் பயம் என்றேன். நான் விலகியபோது தொலைபேசி இலக்கங்கள் எழுதிய குறிப்புப் புத்தகத்தை யாரும் பறிக்கவில்லை. அந்த வகையில் எங்கள் முதலாளிமார் நல்லவர்கள், அல்லது அதன் பெறுமதியை அறியாதவர்கள்.

நேற்று ஒப்பந்தத்தின் பிரதியை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறான். முப்பத்தாறு பக்கங்கள். விலகல் பற்றிய பகுதி இருபத்தொன்பதாம் பக்கத்தில் தொடங்குகிறது. அங்கிருந்துதான் வாசிக்கப்போகிறேன்.