இருவருக்கு ஏற்ற விடுதி

பெற்றோர் இருவர் மட்டும் இரண்டு நாள் வெளியூர் சென்று வரவேண்டும் என்றால், தங்குமிடம் தேடும் பொறுப்பு இக்காலத்தில் பெரும்பாலும் பிள்ளைகளிடமே வந்து சேர்கிறது. கைப்பேசியைத் திறந்து, நட்சத்திரங்களை எண்ணி, நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்து, இதுதான் சிறந்த விடுதி என்று அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். நீந்தத் தெரியாத தந்தைக்கும், குளக்கரையில் அமரவும் கூச்சப்படும் தாய்க்கும் அந்த நீச்சல்குளம் எதற்கு என்னும் கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

பெங்களூரு விவேக் நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தால் அப்பகுதியின் தெருக்கள் நிறைந்துவிடும். வீடுகள் நெருக்கமானவை; கூடங்கள் சிறியவை. ஆயினும் ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கூடத்தில் ஒரு பாய் விரிக்கப்படும். மருத்துவம் பார்க்க வந்தவர், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர், ஆலயத்தில் வேண்டுதல் செலுத்த வந்தவர் என எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. இவ்வாறு இருபது ஆண்டுகள் பிறரை உபசரித்த கணவனும் மனைவியும், தாங்கள் விருந்தினராக இருந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சொந்த ஊருக்குச் செல்வது விடுமுறை ஆகாது. திருமணம், காதணி விழா, துக்கம் என ஏதேனும் ஒரு கடமை அவர்களுக்கு முன்பே அங்குச் சென்று காத்திருக்கும்.

அவர்கள் தம் திருமண நாளையொட்டிப் புதுச்சேரிக்குச் செல்ல எண்ணினால் முதலில் எழுவது உறவினரின் குரலாகவே இருக்கும். "நாங்கள் இங்கே இருக்கும்போது உங்களுக்கு விடுதி எதற்கு?" அன்பினால் எழும் குரல்தான். ஆனால் உறவினர் வீட்டில் தங்கினால் நடப்பது என்னவென்று யாவருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்குத் தாய் சமையலறைக்குள் நுழைந்து வெங்காயம் நறுக்கத் தொடங்கிவிடுவார். தந்தை கூடத்தில் அமர்ந்து, பத்தாண்டுகளாக முடியாத பாகப்பிரிவினையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவ்விருவரும் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. ஆகவே இரவுகள் இரண்டும் விடுதியில் கழிவதே முறை. ஒரு நாள் மதியம் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு உறவினர் வீட்டுக்குச் சென்று உண்டு வரலாம். உறவுக்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடாது.

எந்த விடுதி என்பதுதான் அடுத்த கேள்வி. இத்தகைய பயணத்துக்குப் பலரும் இன்று தேடுவது 'பூட்டிக் விடுதி'. பிரெஞ்சு மொழியில் 'பூட்டிக்' என்பது சிறு கடையைக் குறிக்கும் சொல். 1984இல் நியூயார்க் நகரில் இயன் ஷ்ரேகர், ஸ்டீவ் ரூபெல் என்னும் இருவர் 'மார்கன்ஸ்' என்னும் விடுதியைத் திறந்தனர். பெரிய விடுதிகள் எல்லாப் பொருளும் அடுக்கிய பேரங்காடியைப் போன்றவை, தம்முடையதோ தனிக்கடையைப் போன்றது என்று ரூபெல் விளக்கியதாகக் கூறுவர். அப்பெயர் உலகெங்கும் பரவியது, பரவியதும் மலிந்தது. ஒரு சுவருக்கு நீல வண்ணம் பூசி, ஒரு பித்தளை விளக்கைத் தொங்கவிட்டவர்களும் இன்று அப்பெயரைச் சூட்டிக்கொள்கின்றனர்.

பெயரை நம்ப இயலாதென்றால் நட்சத்திரத்தை நம்பலாமா? இந்திய அரசின் சுற்றுலா அமைச்சகம் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகிறது. 1950க்கு முன் கட்டப்பட்டு, குறைந்தது 5 அறைகளேனும் கொண்ட பழைய இல்லங்களுக்கும் மாளிகைகளுக்கும் 'பாரம்பரிய விடுதி' என்னும் தனிப் பிரிவும் உண்டு. இவையெல்லாம் அறையின் பரப்பு, குளியலறை, உணவகம் ஆகியவற்றை அளப்பவை. அந்த அளவில் பயனுள்ளவையே. எனினும் முதல் நாள் காலையில் "சர்க்கரை வேண்டாம்" என்று சொன்னதை மறுநாள் காப்பி கொண்டுவருபவர் நினைவில் வைத்திருக்கிறாரா என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது. நாளெல்லாம் பிறருடைய சர்க்கரை அளவை நினைவில் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு, தன் விருப்பத்தை ஒருவர் நினைவில் வைத்திருப்பதுதான் சொகுசு. பத்து அறைகள் உள்ள விடுதியில் அது எளிது. இருநூறு அறைகள் உள்ள விடுதியில் அரிது. பெங்களூருவின் புகழ்பெற்ற வெஸ்ட் எண்ட் விடுதியும் 1887இல் பிரான்சன் அம்மையார் 10 அறைகளுடன் நடத்திய தங்குமனையாகத்தான் தொடங்கியது.

இனி, புதுச்சேரியில் எந்தப் பக்கம்? நகரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் கிழக்கே கடலையொட்டிப் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. பயணியரில் பெரும்பாலோர் கிழக்கே செல்கின்றனர். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் படங்களில் அழகாக இருப்பதே காரணம். அப்பகுதியிலும் நல்ல விடுதிகள் உண்டு; ரோமேன் ரோலன் வீதியில் உள்ள 'ஒத்தேல் தெ லோரியான்', முன்னாளில் பிரெஞ்சு அரசின் கல்வித்துறை அலுவலகமாக இருந்த கட்டடம். ஆனால் விவேக் நகர்த் தம்பதியர்க்கு மேற்குப் பகுதியே பொருத்தமானது.

அங்குள்ள பழைய வீடுகள் தெருவிலேயே வரவேற்பைத் தொடங்குகின்றன. மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் நடப்போருக்கு நிழல் தரும். அதை அடுத்துத் திண்ணை. கதவைக் கடந்தால் நடை. அதற்கப்பால் வானம் தெரியும் முற்றம். பெருமாள் கோயில் தெருவில் இத்தகைய பழைய வீடு ஒன்று 10 அறைகள் கொண்ட விடுதியாக மாறியிருக்கிறது. 'மேசோன் பெருமாள்' என்பது அதன் பெயர். மேசோன் என்றால் பிரெஞ்சில் வீடு. அங்கிருந்து பெரிய சந்தைக்கு நடந்தே போகலாம். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருப்பதும் இப்பகுதியில்தான். துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய அவர், 1738இல் கட்டி முடித்த அம்மாளிகையின் கீழ்த்தளத்தில் தமிழர் முறை மரத்தூண்களும், மேல்தளத்தில் பிரெஞ்சு முறைத் தூண்களும் உள்ளன. விவேக் நகரில் வளரும் பிள்ளைகளுக்குத் 'திண்ணை', 'முற்றம்' என்பவை பாடநூலில் மட்டும் சந்திக்கும் சொற்கள். அவர்களுடைய பெற்றோரில் பலர் அவற்றில் விளையாடி வளர்ந்தவர்கள். அவ்வீடுகளை விற்றோ பூட்டிவிட்டோ வந்தவர்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். முன்னாளில் வழிப்போக்கர்க்கு விலையின்றிக் கிடைத்த திண்ணைக்கு இன்று வாடகை கொடுப்பதா? திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த மொழியில், விருந்தோம்பல் விலைக்கு விற்கப்படுவதா? நியாயமான கேள்விதான். வாடகை கொடுக்க இயலாதவர்க்கு அந்தத் திண்ணை இன்று இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மரத்தூணும் நாட்டு ஓடும் கவனிப்பாரின்றி நிற்பவை அல்ல. புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற 'மேரி' என்னும் நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021இல்தான் திறக்க முடிந்தது. அரசுக் கட்டடத்தின் நிலையே அதுவானால், தனியார் வீடுகளின் கதி என்ன? மாறாக, தமிழர் பகுதியின் வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்புகள் இன்டாக் அமைப்பின் துணையுடன் சீரமைக்கப்பட்டன. அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்றைப் பெற்றது. ஓட்டை மாற்றவும் தூணைச் செதுக்கவும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் கூலி தரவேண்டும். விடுதியின் வாடகை அக்கூலியில் ஒரு பங்காகிறது என்றால், அதனை வீண்செலவு என்று கூறுவது பொருந்தாது.

சிறிய விடுதிகளில் குறைகளும் உண்டு. படங்கள் அவற்றைக் காட்டுவதில்லை. பழைய வீடுகளில் மின்தூக்கி இல்லாதிருக்கலாம். மாடிப்படி செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ள தாய்க்கு மேல்தள அறை தண்டனை. அறைகள் ஒன்றுபோல் இரா; ஒன்று முற்றத்தைப் பார்க்கும், மற்றொன்று சமையலறைச் சுவரைப் பார்க்கும். முற்றத்தில் ஒருவர் உரக்கப் பேசினால் பத்து அறைக்கும் கேட்கும். ஆகவே பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் பேசுவது நன்று. தரைத்தள அறை உண்டா, எந்த அறை தரப்படும், காலை உணவு வாடகையில் சேருமா, பயணம் தடைப்பட்டால் பணம் திரும்புமா என்று கேட்கவேண்டும். மறுமுனையில் இருப்பவர் பொறுமையாக விடை சொன்னால், அதுவே அந்த விடுதியின் முதல் நற்சான்று.

கணக்கும் பார்க்கவேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு; அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு. 7,400 ரூபாய் அறைக்கு வரியுடன் 7,770 ரூபாய் ஆகும். 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய் ஆகும். வாடகையில் 200 ரூபாய் வேறுபாடு, செலவில் 1,198 ரூபாய் வேறுபாடாக வளர்ந்துவிடுகிறது. டிசம்பர் இறுதியில் வாடகை உயர்ந்துவிடுமாதலால், நாளை மாற்றிக்கொள்ள இயலுமானால் வார நாள்களில் செல்வதே சிக்கனம்.

மாலை ஆறு மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாக 300 கிலோமீட்டர் கடந்து வந்த இருவர், அதன்பின் இரவு வரை அச்சாலையில் காலாற நடக்கலாம். அந்த நேரத்தில் கைப்பேசியில் அழைத்து, "தோசை மாவு எங்கே இருக்கிறது?" என்று கேட்காமல் இருப்பது விவேக் நகரில் உள்ள பிள்ளைகளின் பங்கு. மாவு பெரும்பாலும் குளிர்பதனப் பெட்டியின் இரண்டாம் தட்டில்தான் இருக்கும்.