இலையைத் திருப்பிப் பாருங்கள்!

ஆளைத் தெரிந்துகொள்ள முகத்தைப் பார்க்கிறோம். மரத்தைத் தெரிந்துகொள்ள எதைப் பார்ப்பது? பூவையும் காயையும் பார் என்பார்கள். அவை ஆண்டு முழுவதும் இருப்பதில்லையே! இலையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பல மரங்கள் தம் பெயரைத் தாமே சொல்லிவிடும்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் இருக்கிறது. உப்புநீரில் நிற்கும் காடு அது. படகில் போகிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. கிட்டே போனால் கதை வேறு.

வெண்கண்டல் இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். அங்கே நுண்ணிய ரோமங்கள் நெருக்கமாக மூடியிருப்பதே காரணம். வேர் வழியாக ஏறிய உப்பை இந்த மரம் இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. அதனால் இலைமேல் உப்புப் படியும்.

சுரபுன்னை அப்படியல்ல. பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடும். அதன் இலை தடிப்பு, வழவழப்பு. நுனியில் முள் போன்ற கூர். அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாகக் கரும்புள்ளிகள்.

அதே காட்டில் தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மரம் தெரியாமல் இலை பறிக்கக் கூடாது!

சேறு சொல்லும் சாட்சி

மரத்தை வெட்டிவிட்டால் இலையும் போய்விடும். அப்போது சாட்சி சொல்வது மகரந்தம். துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. ஆனால் அதன் மேல்தோல் மகா உறுதி. காற்றுப் புகாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அதன் துளைகளும் மேற்கோலமும் இன்ன வகை மரம் என்று காட்டும்.

புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறையில் பேர் பெற்றவர் தமிழரான தணிகைமணி. 1986 செப்டம்பரில் கராச்சியில் விமானம் கடத்தப்பட்டபோது உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். அலையாத்திக் காட்டு மகரந்தங்களைப் பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் அலையாத்தி நடும் ஆர்வம் வளர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் கிடைத்த கன்றைக் கிடைத்த இடத்தில் நட்டால் பணமும் பாடும் வீண். சுரபுன்னை ஓடைக்கரையை நாடும். வெண்கண்டல் அதற்குப் பின்னால், உப்பு மிகுந்த மண்ணிலும் தாங்கும். ஆகவே நடுமுன் அந்த இடத்துச் சேற்றைச் சோதித்து, முன்பு நின்ற மரம் எது என்று பார்க்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

சாட்சியை விசாரிப்பதிலும் நிதானம் வேண்டும். சுரபுன்னை மகரந்தம் காற்றில் ஏராளமாகப் பறக்கும். வெண்கண்டல் பூவைத் தேடித் தேனீ வரும். அதன் துகள் சேற்றில் குறைவாகவே விழும். துகள் குறைவு என்பதால் மரமும் குறைவு என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

பிள்ளைகளுக்கு மரங்களின் பெயரை மனப்பாடம் செய்ய வைப்பது மட்டும் போதாது. வேம்போ புங்கமோ, வாசலில் நிற்கும் மரத்தின் இலையை இன்று அவர்கள் கையில் கொடுங்கள். மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மரத்தை அடையாளம் தெரிந்தவன்தான் அதைக் காப்பாற்றுவான்.