மடியில் கத்தி, வழியில் பயம்

'மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அவர்கள் சொன்னது பணத்தை. இன்றைக்கு டெல்டாவில் இருட்டின பிறகு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிற விவசாயக் கூலிக்குப் பயம் பணத்தால் வருவதில்லை. இடுப்பு பெல்ட்டில் நாலு அங்குலத்துக்கு ஒரு மடக்குக் கத்தி இருந்தால் அதனால் வருகிறது.

வழிச் சோதனையில் நடக்கிற உரையாடல் எந்த ஊரானாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"இடுப்புல என்னடா?"

"கத்திங்க சார்."

"கத்தியா? எவனைக் குத்தப் போற?"

"வைக்கோல் கட்டு அவுக்கறதுக்குங்க சார்."

"அதை எதுக்கு மடக்கி ஒளிச்சு வச்சிருக்கே?"

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில், வயலில் இருப்பவனுக்குக் கத்தி எதற்கு? 'இப்பத்தான் அறுப்பு மிஷின் வந்துடுச்சே, அப்புறம் என்ன கத்தி, அரிவாள்?' என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். மிஷின் வந்த பிறகுதான் சின்னக் கத்தி அதிகமாகத் தேவைப்படுகிறது சாமி! கருக்கரிவாளுக்கு வேலை குறைந்திருக்கிறது, நிஜம். வரப்போர மூலைகளில் மிஷின் திரும்ப முடியாத இடத்தில் மட்டும் இன்னும் ஆள் இறங்கி அறுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மிஷினில் ஈர வைக்கோல் சுற்றிக்கொண்டால், என்ஜினை நிறுத்திவிட்டு அதை அறுத்து எடுக்க என்ன வேண்டும்? வைக்கோலைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டித் தருகிற இன்னொரு மிஷின் வந்திருக்கிறது. அந்தக் கயிற்றை அறுத்து எடுக்காமல் அப்படியே மாட்டுக்குப் போட்டால், கயிறும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். பிறகு கால்நடை டாக்டரைத் தேடி ஓட வேண்டும்.

யூரியா மூட்டையின் தையலைப் பிரிக்க, பம்ப்செட் ஹோஸ் குழாயின் ஓட்டை விழுந்த நுனியை நறுக்கி மறுபடி மாட்ட, கொள்முதல் நிலையத்தில் சணல் அறுக்க, திருவையாறு பக்கம் வாழைச் சருகு கழிக்க, கொடிக்காலில் அகத்தியோடு சேர்த்துக் கட்டின வெற்றிலைக் கொடியின் பழைய கட்டை அவிழ்க்க, கயிறு கழுத்தில் இறுகித் துடிக்கிற கன்றுக்குட்டியைக் காப்பாற்ற... சொல்லிக்கொண்டே போகலாம். இதற்கெல்லாம் வீட்டுக்கு ஓடிப் போய் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? கையோடு இருந்தால்தான் அது கருவி.

இனி அந்த 'மடக்கி ஒளிச்சு' சங்கதி.

திறந்த கத்தியை மடியில் செருகினால் தொடையைக் கிழிக்கும். உறை போட்டால் சேற்றில் ஊறி, இற்றுப் போகும். வரப்பில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மனிதன் கண்டுபிடித்தான், அலகைப் பிடிக்குள்ளேயே மடக்கிவிடுகிற கத்தியை. நல்ல கத்தியாக இருந்தால் விரித்த பிறகு அலகு பூட்டிக்கொள்ளும். அழுத்தி அறுக்கும்போது மடங்கி வந்து விரலை நறுக்காது. வேலை முடிந்தால் பூட்டை விடுவித்து மடக்கினால், கத்தி வாயை மூடிக்கொள்ளும். குழந்தை எடுத்தாலும் சட்டென்று ஆபத்தில்லை. பையில் போட்டால் பை கிழியாது. சினிமாவில் வில்லன் விசையைத் தட்டினதும் 'ஸ்விக்'கென்று பாய்கிற பட்டன் கத்தி வேறு. இரண்டு கையாலும் நிதானமாக விரிக்க வேண்டிய இந்தக் கத்தி வேறு.

ஆக, பாதுகாப்புக்காக மடக்கி வைத்தான். அந்தப் பாதுகாப்பே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. திறந்து வைத்திருந்தால் 'ஆயுதத்தோடு திரிந்தான்'. மடக்கி வைத்திருந்தால் 'மறைத்து வைத்திருந்தான்'. அப்படியானால் எப்படித்தான் வைத்துக்கொள்வது? நீங்களே சொல்லுங்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம்மில் பலர், காக்கிச் சட்டை போட்டவர்களில் பலர் உட்பட, படித்துப் பார்க்காத சட்டம் இது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் 2ஆம் பிரிவில் 'ஆயுதம்' என்றால் என்ன என்று விளக்குகிறார்கள். விளக்கிவிட்டு, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்கள் இதில் சேராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் கீழ் உள்ள விதிகள் கத்தி, வாள் வகையறாவுக்கு அளவு சொல்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கிற கத்திகளைத்தான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்த இடத்திலும் வீட்டு வேலை, விவசாயம், விஞ்ஞானம், தொழில் இவற்றுக்கானவை நீங்கலாக என்று மறக்காமல் போட்டிருக்கிறார்கள். 2016இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இதை எடுக்கவில்லை.

மடக்குக் கத்தியில் 'பெரிசு' என்று சொல்வதே நாலு அங்குலம்தான். சட்டம் சொல்கிற அளவில் பாதிகூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 'ஆயுதத்தில் சேராது' என்று சொன்ன அதே பிரிவு, வீட்டு, விவசாயப் பொருளுக்கு உதாரணமும் கொடுக்கிறது. என்ன உதாரணம் தெரியுமா? லத்தி! ஆமாம், லத்தியும் சாதாரணக் கைத்தடியும். கத்தி ஏன் என்று கேட்டு நிறுத்துகிறவரின் கையில் இருப்பது, சட்டத்தின் கண்ணில் ஒரு விவசாயக் கருவி!

'அதெல்லாம் சரி சார், ஊர்ல அரிவாளால வெட்டிச் சாய்க்கிறானே, அதுக்கு என்ன பண்றது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலை உருண்ட வழக்குகளை நாமும் பேப்பரில் படிக்கத்தான் செய்கிறோம். 2021 செப்டம்பரில் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்தபோது தமிழக போலீஸ் மாநிலம் முழுக்க இறங்கி, இரண்டு மூன்று நாட்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களைக் கைப்பற்றியது. அது அவர்கள் வேலை, செய்தார்கள். அதோடு இன்னொரு காரியமும் செய்தார்கள். கத்தி, அரிவாள் செய்கிற பட்டறைக்காரர்களும் விற்கிறவர்களும் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதி வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அறிவுறுத்தினார்.

யோசித்துப் பாருங்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, தண்ணீரில் தோய்த்து, ஒரு அரிவாளுக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கிற கொல்லர் கேமரா வாங்கி மாட்ட வேண்டுமாம். வெட்டப் போகிறவன் பட்டறைக்கு வந்து, 'எழுதிக்குங்க அண்ணே, இதுதான் என் பேரு, இதுதான் என் போன் நம்பரு' என்றா சொல்வான்? அந்த நோட்டில் உண்மையான பெயரைச் சொல்லுகிறவர்கள் நெல் அறுக்கிறவர்களும் தேங்காய் உரிக்கிறவர்களும்தான். கடைசியில் அது குற்றவாளிகளின் பட்டியலாக இருக்காது. நாளைக்கு அந்த ஊரில் ஒரு கொலை நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படும்?

ரவுடியைத் தடுப்பது கூலிப்படைக்குக் காசு கொடுக்கிறவனைப் பிடிப்பதில் இருக்கிறது. சாட்சி சொல்ல வருகிறவனைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. வழக்கைப் பத்து வருஷம் இழுக்காமல் முடிப்பதில் இருக்கிறது. அதெல்லாம் கஷ்டமான வேலை. வைக்கோல்காரனின் பெல்ட்டைத் தடவுவது சுலபம்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். அறுப்புக் காலத்தில் லோடு ஆட்டோவில் முப்பது பெண்கள் நின்றபடி போவார்கள். ஆளுக்கு ஒரு கருக்கரிவாள், பல்லு வைத்தது, திறந்தபடி. ஆட்டோவை யாரும் நிறுத்துவதில்லை, நிறுத்தவும் கூடாது. அதன் பின்னாலேயே டூவீலரில் வருகிற இருபது வயசுப் பையன் மட்டும் நிறுத்தப்படுகிறான். இரும்புதான் பிரச்சனை என்றால் முப்பது அரிவாள் பெரிசா, ஒரு மடக்குக் கத்தி பெரிசா? இரும்பைப் பார்க்கவில்லை ஐயா, ஆளைப் பார்க்கிறார்கள். வயசு என்ன, சட்டை என்ன, எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதைப் பார்க்கிறார்கள். அதே கத்தி, சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக, கொடைக்கானலுக்கு டிரெக்கிங் போகிறவரின் முதுகுப் பையிலிருந்து வந்தால் அதன் பெயர் 'சுவிஸ் நைஃப்'. 'எங்க சார் வாங்கினீங்க?' என்று ஆசையாகக் கேட்பார்கள்.

ஆளைப் பார்த்துச் சட்டம் பேசுவது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த பாடம். 1878இல் அவன் போட்ட ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது, நமக்குத்தான் லைசென்ஸ். அந்தப் பாகுபாடு சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது. ரோட்டிலிருந்து இன்னும் போகவில்லை.

அரிவாள் பிடித்த கையைப் பார்த்து மிரளுவது இந்த மண்ணில் பழைய வியாதியும்கூட. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் சேர்த்துக் கேட்டார்கள் என்று 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்களே, எரிந்தவர்கள் கதிர் அறுத்துப் பிழைத்த குடும்பங்கள். எரித்தவர்கள் கதிர் அறுக்க வந்தவர்களா? ஆபத்து அரிவாளில் இருந்ததா, வேறு எங்காவது இருந்ததா?

2018 நவம்பர் 16 விடியலை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்து கிடந்தது. பல ஊர்களில் அதிகாரிகளின் ஜீப் வருவதற்கு முன்னால் ரோட்டில் கிடந்த மரத்தை வெட்டி வழி விட்டது யார்? அரிவாளும் ரம்பமும் கத்தியும் எடுத்துக்கொண்டு இறங்கின ஊர்ப் பிள்ளைகள். அன்றைக்கு யாரும் 'இது எதுக்குடா' என்று கேட்கவில்லை.

வெளிநாட்டைச் சொன்னால்தான் நம்புவோம் என்றால் அதையும் சொல்கிறேன். பிரான்சில் சவாய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் மரப்பிடி போட்டு ஒரு மடக்குக் கத்தி செய்தார். குடியானவர்களின் பாக்கெட்டில் புறப்பட்ட அது, இன்று உலகம் முழுக்கப் பிரபலம். கத்திக்குத்துக்குப் பயந்து கிடக்கிற இங்கிலாந்தில், பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது பற்றிய 1988ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானதுதான். அங்கேகூட 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்குக் காரணமே சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிசாக இருந்தால், 'வேலைக்கு' என்று காட்டினால் போதும், விட்டுவிட வேண்டும். அவர்கள் கேட்பது காரணத்தை. நாம் பார்ப்பது முகத்தை.

காரணம் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். பதில் அந்தக் கத்தியிலேயே இருக்கும். அலகில் வாழைக் கறை இருக்கும், வெட்டுவாயில் சணல் தூசி ஒட்டியிருக்கும். பிடித்திருக்கிற கையில் காய்ப்பு இருக்கும். ஒயின்ஷாப் வாசலில் நடுராத்திரி கத்தியோடு நிற்கிறவனையும், வயலிலிருந்து சேற்றுக் காலோடு வருகிறவனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு எதற்கு மூன்று பட்டை?

கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் விவசாயக் கருவிகளுக்கு இருக்கிற விலக்கைத் தமிழில் நாலு வரியாக அச்சடித்து, டெல்டாவில் இருக்கிற ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் ஒட்டுங்கள். பட்டறை நோட்டை வைத்துக்கொண்டு கூலிக்காரர்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடாதீர்கள். கொல்லருக்குக் கேமரா வேண்டும் என்றால் அரசாங்கம் வாங்கிக் கொடுக்கட்டும்.

வருகிற ஆயுத பூஜைக்கு ஸ்டேஷனில் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பீர்கள். லத்திக்குப் பொட்டு வைக்கும்போது ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நாட்டின் சட்டம் அதையும் அந்தப் பையனின் கத்தியையும் ஒரே வரிசையில்தான் உட்கார வைத்திருக்கிறது.