கனத்த தொட்டி எதற்கு?

பழைய டிராக்டர் டிப்பர் வாங்கப் போகிறவர்களுக்கு எங்கள் கொட்டச்சேட்டில் கிடைக்கும் புத்தி ஒன்றுதான்: "கனமான தொட்டியா பாருங்க சார், அதுதான் உழைக்கும்." சமவெளிக்கு அது சரி. குப்பனூரிலிருந்து ஏறும் மலைப்பாதைக்கு அது சுத்த அபத்தம். தொட்டியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றத்தில் டீசலைத் தின்கிறது. இறக்கத்தில் டிராக்டரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுகிறது. தோட்டத்துக்கு நாம் ஏற்றுவது தொழுவுரமும் காபித் தோலும். இதற்கு ஜல்லி சுமக்கும் தொட்டி எதற்கு?

"ஒரு யூனிட்தானே" என்பார்கள். யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த மணலாக இருந்தாலே நாலரை டன் வரும். நனைந்தால் இன்னும் கூடும். 'வொல்யூம்' வேறு, 'புவா' வேறு என்று எங்கள் புதுச்சேரிப் பள்ளியில் பிரெஞ்சிலேயே மண்டையில் ஏற்றினார்கள். பிரேக்குக்குத் தெரிந்தது எடை மட்டும்தான்.

புதுப் பெயின்ட்டில் மயங்காதீர்கள்; அதற்கடியில்தான் வெல்டிங் ஒட்டு ஒளிந்திருக்கும். சமதரையில் பாரத்தோடு தொட்டியைத் தூக்கச் சொல்லி, பாதியில் நிறுத்திப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். தானாக இறங்கினால் ஹைட்ராலிக் ஜாக்கியில் கோளாறு. அடியில் யாரும் தலையைக் கொடுக்க வேண்டாம்.

ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் நம்பரும் இரும்பில் பொறித்ததும் ஒன்றா? காலமெல்லாம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: ஓர் எண் மாறினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.